பேர்கண்டியரின் குருதியும் சலவைத்தூளும்: குளிர்நில ஏரிகளின் நிறமாற்றம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஏரியொன்றின் நீர் திடீரெனச் செந்நிறமோ பச்சைநிறமோ பெறுதல் இயற்கை விஞ்ஞானத்துக்குரிய நிகழ்ச்சி. அந்நிறத்துக்கு மக்கள் காலந்தோறும் கூறிவந்த காரணங்களோ வரலாற்றுக்குரியவை. காரணம் இன்னதென நிறுவப்படும்போது, அதற்குப் பொறுப்பாளர் யார், அதனைத் திருத்தும் செலவை ஏற்கவேண்டியவர் யார் என்னும் வினாக்களும் உடன் எழுகின்றன. எனவே காரணம் பற்றிய விவாதம் ஆய்வுகூடத்தினுள் மட்டும் அடங்கி நின்றதில்லை. நீலப்பச்சை அல்காக்கள் என நெடுங்காலம் வழங்கப்பட்டனவும், இன்று சயனோபற்றீரியா என வகுக்கப்படுவனவுமான நுண்ணுயிர்கள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள சில குளிர்நில நன்னீர் ஏரிகளிற் பெருகிய வரலாற்றை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

குளிர்நில ஏரிகளைத் தேர்ந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. வெப்பவலயத்தில் வாழும் நமக்குக் குளத்து நீர் பச்சையாதல் புதுமையன்று. ஆண்டு முழுவதும் வெயில் எறிக்கும் நிலத்தில், ஆழமற்ற குளமொன்றிற் பாசி படர்ந்தால் வெயிலையே காரணமாகக் கூறி அப்பாற் செல்வது நம்மிடையே வழக்கம். சூரிச் ஏரியின் அடிநீரோ கோடையிலும் 4 அல்லது 5 பாகை செல்சியசு வெப்பநிலையிலேயே நிற்பது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து வடமேற்குச் சிற்றேரிகள் ஆண்டில் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் பனிக்கட்டியால் மூடப்பட்டுக் கிடப்பன. இத்தகைய நீர்நிலைகள் நிறம் மாறும்போது வெயிலின்மேற் பழியைச் சுமத்திவிட்டு ஓய்ந்திருத்தல் இயலாது. வேறு காரணம் தேடியே ஆகவேண்டும். குளிர்நில ஏரிகள் இவ்வகையில் நமக்குச் சான்று மிகுந்த களங்களாக அமைகின்றன.

சுவிற்சர்லாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள முர்ட்டன் ஏரி 23 சதுர கிலோமீற்றர் பரப்பும் 45 மீற்றர் ஆழமும் கொண்ட சிறிய ஏரி. 1476 ஆம் ஆண்டு யூன் மாதம் 22 ஆம் நாள் அதன் கரையிற் பேர்கண்டிக் கோமகன் சாள்சின் படையைச் சுவிசுக் கூட்டமைப்பினர் முறியடித்தனர். தப்பியோட வழியின்றி ஏரிக்குள் விரட்டப்பட்ட வீரர் பெருந்தொகையினர் நீரில் மூழ்கி மாண்டனர். பிற்காலத்தில் அவ்வேரி நீரிற் செந்நிறப் படலம் மிதக்கக் கண்ட கரைவாழ் மக்கள், மாண்ட பகைவரின் இரத்தம் மேலெழுவதாக அதற்குப் பொருள் கண்டனர். ‘பேர்கண்டியரின் குருதி’ என்பதே அந்நிகழ்ச்சிக்கு வழங்கிய பெயர்.

இதனை வெறும் மூடநம்பிக்கையெனத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் வென்ற தரப்பினரின் வாய்மொழி வரலாற்றிலே போரின் நினைவு எவ்வாறு நிலைநிறுத்தப்பட்டது என்பதற்கு ஏரி ஒரு சாதனமாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது. மாண்டோரின் எலும்புகளைத் திரட்டி வைத்திருந்த கரையோர எலும்பு மண்டபத்தைப் பிரெஞ்சுப் படையினர் 1798 இல் அழித்தனர். அவ்விடத்தில் 1822 இல் நினைவுத்தூண் ஒன்று எழுப்பப்பட்டது. கல்லும் மண்டபமும் அரசியல் மாற்றத்துக்கேற்ப எழுந்தும் வீழ்ந்தும் போக, ஏரியின் செந்நிறம் மட்டும் எவருடைய ஆணைக்கும் காத்திராது தோன்றி மறைந்தது. இரத்தம் எனக் கொண்ட விளக்கத்தில் வாழ்வோர் எவருக்கும் பொறுப்பில்லை என்பதையும் இங்கு குறித்துக்கொள்ளலாம்.

1825 ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் ஏரி செந்நிறமுற்றபோது, ஜெனீவாவின் புகழ்பெற்ற தாவரவியலாளர் ஒகஸ்தின் பிராமுஸ் டி காண்டோல் அப்படலத்தை ஆராய்ந்தார். அது நுண்ணிய இழைகளாலான உயிர் எனக் கண்டு அவர் இட்ட ஒசிலற்றோரியா ருபெசென்ஸ் என்னும் பெயர் நூற்றாண்டுக்கு மேல் வழங்கிற்று. இக்காலத்தார் அதனைப் பிளாங்டொத்ரிக்ஸ் ருபெசென்ஸ் என அழைக்கின்றனர். அதன் வாழ்க்கைமுறை விந்தையானது. கோடையில் மேற்பரப்பில் வெதுவெதுப்பான நீரும் அடியிற் குளிர்ந்த நீருமாக ஏரி பிரிந்து நிற்க, இடையே வெப்பநிலை விரைந்து மாறும் படையில், 10 முதல் 15 மீற்றர் ஆழத்தில், இவ்வுயிர் தங்குகிறது. அவ்வாழத்தை எட்டுவது பெரும்பாலும் பச்சை ஒளியே. அதனைப் பற்றிக்கொள்ளவல்ல பைக்கோஎரித்திரின் என்னும் நிறப்பொருளே இவ்வுயிருக்குச் செந்நிறத்தை அளிக்கிறது. உடலிலுள்ள வாயு நுண்பைகளின் உதவியால் தான் வேண்டும் ஆழத்தில் மிதந்து நிற்கவும் அதனால் முடியும். இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கீழ்நீரோடு கலக்கும்போது இழைகள் மேலே வருகின்றன. பனிக்கட்டியின் கீழேயும் அவை திரண்டு நிற்பதுண்டு. ஆகவே கோடைக்குரிய பச்சைப் பாசியைப் போலன்றிக் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் ‘குருதி’ தோன்றியமை இயல்பே. உயிர் இன்னதென டி காண்டோல் கூறினார். அது ஏன் பெருகுகிறது என்ற வினாவுக்கான விடை இன்னோர் ஏரியிலிருந்து கிடைக்கவேண்டியிருந்தது.

சூரிச் ஏரி, இயற்கையான மேடொன்றினால் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மேலேரி ஏறத்தாழ 50 மீற்றர் ஆழமானது. கீழேரி 136 மீற்றர் ஆழமானது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கீழேரியின் கரைகளில் ஊர்கள் பெருகின. நீரடித்துக் கழுவும் மலசலகூடங்களும் கழிவுநீர்க் குழாய்களும் வந்தன. இவை அக்கால நகராட்சியாளரால் நாகரிகத்தின் வெற்றியெனக் கொண்டாடப்பட்டவை. கொள்ளைநோய்களின் அச்சத்திலிருந்து மக்களை மீட்டதில் அவற்றுக்குப் பங்கு உண்டு என்பதையும் மறுத்தல் ஆகாது. ஆனால் முன்னர் தோட்டத்துக்கும் வயலுக்கும் எருவாகச் சென்ற கழிவு இப்பொழுது ஏரிக்குச் சென்றது. 1898 இல் ஒசிலற்றோரியா ருபெசென்ஸ் கீழேரியிற் பெருந்திரளாகத் தோன்றிற்று. குளிர்ந்த தெளிநீரில் வாழும் உயர்வகை மீன்கள் குறைந்து, கலங்கல் நீரைத் தாங்கும் கெண்டையினங்கள் அவ்விடத்தைப் பெற்றன.

வரலாற்று மாணவருக்கு இவ்விடத்திற் சுவையான சான்றொன்று கிடைக்கிறது. நிப்கோ என்னும் ஆய்வாளர் 1920களிற் கீழேரியின் அடிச்சேற்றைக் குழாய்களில் எடுத்து ஆராய்ந்தபோது, அதன் மேற்பகுதி ஆண்டுக்கு ஒன்றாகக் கருமையும் வெண்மையும் மாறிமாறி அடுக்கப்பட்ட மெல்லிய படைகளால் ஆகியிருக்கக் கண்டார். அவற்றை எண்ணிக் கீழே சென்றால் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வடுக்குமுறை தொடங்குகிறது. அதற்குக் கீழே படைகள் இல்லை. அடிநீரில் ஒட்சிசன் இருந்த காலத்திற் புழுக்களும் பிற சிற்றுயிர்களும் சேற்றைக் கிளறிக் கலந்துகொண்டிருந்தன. மேலே பெருகி மாண்டு வீழ்ந்த அல்காக்கள் அழுகி ஒட்சிசனைத் தீர்த்தபின் கிளறுவதற்கு உயிர்கள் இல்லை. ஏடுகள் கலையாமற் கிடந்தன. ஊராட்சிப் பதிவேடுகள் கூறாத செய்தியை ஏரி தானே ஆண்டு தவறாது எழுதி வைத்திருந்தது எனலாம்.

அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆதர் ஹஸ்லர் 1947 இல் வெளியிட்ட கட்டுரையிற் சூரிச் ஏரியின் இரு பகுதிகளையும் ஒப்புநோக்கினார். ஏரிகள் இளமையிலே தெளிந்தும் போசணை குறைந்தும் இருந்து, காலப்போக்கில் வண்டல் நிரம்பி, போசணை மிகுந்து முதுமையடைகின்றன என்னும் கொள்கை அக்கால ஏரியியலிற் செல்வாக்குப் பெற்றிருந்தது. அக்கொள்கையின்படி ஆழம் குறைந்த மேலேரியே முதலில் முதுமையடைந்திருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ மறுதலை. ஆழம் மிகுந்த கீழேரி கெட்டது. மேலேரி பெரும்பாலும் தெளிந்தே இருந்தது. ஏறத்தாழ 110,000 மக்களின் கழிவுநீர் கீழேரிக்குச் சென்றமையே வேறுபாடு. நற்போசணையாக்கம் என்று இன்று நம் பாடநூல்கள் குறிக்கும் இம்மாற்றத்துக்கு மனிதரே காரணராதல் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அதுவரை கிடைத்திருக்கவில்லை. முதுமை என்னும் உருவகம் ஒருவகையிற் குருதி என்னும் உருவகத்தை ஒத்தது என்பது நம் கருத்து. மூப்புக்கு எவர் மீது வழக்குத் தொடுப்பது?

சியாற்றில் நகரை அடுத்த வாசிங்டன் ஏரியின் கதை இதன் தொடர்ச்சியாகும். 1941 இலிருந்து அவ்வேரிக் கரையிலே தோன்றிய புறநகர்கள் தத்தமக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்து, சுத்திகரித்த நீரை ஏரிக்குள் விட்டுவந்தன. நோய்க்கிருமிகளைப் பொறுத்தமட்டில் அந்நீர் தீங்கற்றது. பொசுபரசு அதில் அவ்வாறே இருந்தது. 1955 இல் வாசிங்டன் பல்கலைக்கழகத்து எட்மன்சனும் அவருடைய மாணவரும் ஏரிநீரில் ஒசிலற்றோரியா ருபெசென்சைக் கண்டனர். ஏரி அப்பொழுது கண்ணுக்குப் பெரிதும் கெட்டிருக்கவில்லை. ஆயினும் இவ்வுயிர் தோன்றியபின் ஐரோப்பிய ஏரிகளுக்கு நேர்ந்தது யாதென்பதை எட்மன்சன் அறிந்திருந்தார். இயற்கை விஞ்ஞானி ஒருவர் வரலாற்றுச் சான்றை எதிர்காலம் பற்றிய எச்சரிக்கையாக மாற்றிய அரிய சந்தர்ப்பம் இது. 1933 இலும் 1950 இலும் அவ்வேரி ஆராயப்பட்டிருந்தமையால் ஒப்பிட்டு நோக்குதற்கும் அவருக்கு வழியிருந்தது.

எச்சரிக்கை மட்டும் எதனையும் மாற்றியிராது. கழிவுநீர் முழுவதையும் திரட்டி ஏரியிலிருந்து திருப்புவதற்குப் பல ஊராட்சிகளை ஒன்றிணைக்கும் புதிய அமைப்பு ஒன்று தேவைப்பட்டது. ஜேம்ஸ் எலிஸ் என்னும் சட்டத்தரணி அதற்கான இயக்கத்தை முன்னின்று நடத்தினார். எட்மன்சன் அவருக்கு ஏரியின் நிலையையும், திருப்பினால் எதிர்பார்க்கத்தக்க விளைவையும் எழுதித் தெரிவித்தார். 1958 மார்ச்சு மாத வாக்கெடுப்பில் திட்டம் தோல்வியுற்றது. நகரினுள் ஆதரவு இருந்தும் புறநகர் வாக்காளர் அதனை ஏற்கவில்லை. வரம்பைச் சுருக்கிக் கழிவுநீரை மட்டும் முன்வைத்து மீண்டும் செப்ரெம்பர் மாதத்தில் வாக்குக் கேட்டபோது வெற்றி கிடைத்தது. 1963 இல் தொடங்கிய திருப்பம் 1968 இல் முற்றுப்பெற்றது. இதற்கிடையில் ஏரி நாற்றமடித்து, நீரினுள் இறக்கிய வெண்தட்டு ஒரு மீற்றர் ஆழத்திலேயே கண்ணுக்கு மறையும் நிலை வந்திருந்தது. 1970களின் தொடக்கத்தில் அவ்வாழம் ஏறத்தாழ மூன்று மீற்றராயிற்று. அப்பத்தாண்டின் பிற்பகுதியில், அல்காக்களை உண்ணும் டாப்னியா என்னும் சிற்றுயிர் பெருகியமையால், நீர் மேலும் தெளிந்தது. கழிவுநீர் கடற்கழிக்குத் திருப்பப்பட்டதேயன்றி இல்லாதொழியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1970 இல் எட்மன்சன் வெளியிட்ட கணக்கு இக்கட்டுரைக்கு முக்கியமானது. 1969 அளவிற் குளிர்காலப் பொசுபேற்றின் செறிவு 1963 இல் இருந்ததன் 28 வீதமாகக் குறைந்திருந்தது. நைத்திரேற்று 80 வீதத்திற்கே குறைந்தது. காபனீரொட்சைட்டு ஓரளவு உயர்ந்தே இருந்தது. கோடைக்கால அல்காக்களின் அளவு பொசுபேற்றையே பின்தொடர்ந்து குறைந்தது; மற்றையவற்றையன்று. இக்கணக்கு வெளியான வேளையில், அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் கனடாவிலும் பொசுபரசு என்னும் சொல் வெறும் இரசாயனச் சொல்லாக இருக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வட அமெரிக்க இல்லங்களிற் சவர்க்காரத்தின் இடத்தைச் செயற்கைச் சலவைத்தூள் கைப்பற்றிற்று. கடின நீரிலுள்ள கல்சியத்தையும் மகனீசியத்தையும் கட்டிவைத்து நுரையையும் வெளுப்பையும் தருவதற்காகச் சோடியம் முப்பொலிபொசுபேற்று அதிற் பெருமளவிற் கலக்கப்பட்டது. 1970 அளவில் நகரக் கழிவுநீரிலிருந்த பொசுபரசில் அரைப்பங்கோ அதனினும் கூடிய பங்கோ சலவைத்தூளிலிருந்து வந்தது. இரு நாடுகளுக்கும் பொதுவான ஈரி ஏரியில் அல்காக்கள் கரைதோறும் குவிந்து அழுக, செய்தித்தாள்கள் அதனை ‘செத்த ஏரி’ என்று எழுதின. இரு நாட்டு எல்லைநீர்களுக்கான கூட்டு ஆணைக்குழு பொசுபரசைக் கட்டுப்படுத்த வேண்டுமென்று கூறிற்று. கனடாவின் நிலைப்பாட்டை உருவாக்குவதில் வலன்டைன் என்னும் ஏரியியலாளர் பெரும்பங்கு கொண்டார்.

சலவைத்தூள் உற்பத்தியாளர் இதனை வாளாவிருந்து பார்க்கவில்லை. அல்காப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவது காபனே என்னும் கருதுகோள் 1960களின் இறுதியில் வலுவாக முன்வைக்கப்பட்டது. கழிவிலுள்ள சேதனப் பொருளைப் பற்றீரியாக்கள் சிதைக்கையில் வெளிவரும் காபனீரொட்சைட்டே அல்காக்களுக்கு உணவாகிறது. ஆகவே பொசுபேற்றை நீக்குவதாற் பயனில்லை என்பது அதன் சாரம். குடுவைகளிலே செய்யப்பட்ட சோதனைகள் இதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டன. அக்கருதுகோளை முன்வைத்த ஆய்வாளர் அனைவரும் கூலிக்கு எழுதினர் என்று கூறுவது நேர்மையாகாது. அதிலே சிந்திக்கத்தக்க அம்சங்கள் இருந்தன. ஆனால் அது யாருடைய மேடைகளில், எவ்வளவு விரைவில், எத்துணை உரத்து ஒலித்தது என்பது கவனிக்கத்தக்கது. விஞ்ஞானத்தில் இன்னும் ஐயம் உள்ளது என்னும் கூற்று, ஒரு பொருளை மேலும் சில ஆண்டுகள் விற்பதற்குப் போதுமான நியாயமாகிவிடுகிறது. மறுபுறத்திற் பொசுபேற்றுக்கு மாற்றாக வந்த சில பொருள்களும் தீங்கற்றவையாக இருக்கவில்லை. 1971 செப்ரெம்பரில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவரே, அரிக்கும் தன்மையுடைய மாற்றுத்தூள்கள் குழந்தைகளுக்கு ஆபத்தானவை என்பதால், பொசுபேற்றுத் தூளுக்குத் திரும்புமாறு இல்லத்தரசிகளுக்கு அறிவுரை கூறினார். துணி வெளுக்கும் பெண்கள் ஏரியின் நலத்தையும் குழந்தையின் நலத்தையும் எதிரெதிரே வைத்துத் தேர்ந்துகொள்ளுமாறு விடப்பட்டனர். அத்தெரிவை அவர்கள்மீது சுமத்திய உற்பத்திமுறை பற்றி அவ்வறிவுரையில் ஒன்றுமில்லை.

காபனா பொசுபரசா என்னும் வினாவைக் குடுவையிலிருந்து ஏரிக்குக் கொண்டு சென்றவர் டேவிட் சின்ட்லர். கனடா அரசின் மீன்வள ஆராய்ச்சிச் சபை 1968 இல் ஒன்ராறியோவின் வடமேற்கு வனப்பகுதியிற் சிற்றேரிகள் பலவற்றை ஒதுக்கி ஓர் ஆய்வுக்களத்தை ஏற்படுத்திற்று. முழு ஏரியையே சோதனைப் பொருளாகக் கொள்வது அங்கு கைக்கொள்ளப்பட்ட முறை. 227 ஆம் இலக்க ஏரியின் நீரிற் கரைந்த காபன் மிகக் குறைவு. 1969 இல் அதற்குப் பொசுபரசும் நைதரசனும் மட்டும் இடப்பட்டன, காபன் இடப்படவில்லை. சில வாரங்களில் ஏரி பச்சையாயிற்று. வேண்டிய காபனை அல்காக்கள் வளியிலிருந்தே பெற்றுக்கொண்டன. மூடிய குடுவை காட்டத் தவறியது இதனையே.

226 ஆம் இலக்க ஏரி நடுவில் ஒடுங்கியது. 1973 இல் அவ்வொடுங்கிய இடத்தின் குறுக்கே நைலோன் வலுவூட்டிய வினைல் திரை ஒன்றைத் தொங்கவிட்டு ஏரியை இரண்டாக்கினர். ஒரு பாதிக்குக் காபனும் நைதரசனும் இடப்பட்டன. மறுபாதிக்கு அவ்விரண்டோடு பொசுபரசும் இடப்பட்டது. அவ்வாண்டு செப்ரெம்பர் மாதத்தில் விமானத்திலிருந்து எடுக்கப்பட்ட படத்தில் ஒரு பாதி கருநீலமாகவும் மறுபாதி வெளிறிய பச்சையாகவும் காணப்படுகின்றன. சூரிச் கரைவாழ் மக்கள் அரை நூற்றாண்டுக் காலம் தம்மை அறியாமலே செய்துவிட்ட சோதனையைச் சின்ட்லர் குழுவினர் அறிந்தே ஒரு கோடையிற் செய்து முடித்தனர் எனலாம். இரு இடங்களிலும் ஒரே ஏரியின் இரு பாதிகளே சான்று கூறின. 1974 இல் வெளியான அப்படம் சட்டமன்றங்களிலும் விசாரணைகளிலும் எடுத்துக்காட்டப்பட்டது. அட்டவணைகளைப் படிக்க நேரமில்லாதோரும் படத்தைப் பார்த்தனர்.

எனினும் சட்டங்கள் அனைத்தும் படத்துக்குப் பின்னரே வந்தன என்று கருதுதல் தவறு. கனடா 1970 இலேயே சலவைத்தூளிற் பொசுபேற்றுக்கு வரம்பிட்டு, 1973 இல் அவ்வரம்பை மேலும் இறுக்கியது. 1972 ஏப்ரல் 15 ஆம் நாள் ஒற்றாவாவில் நிக்சனும் துரூடோவும் பேரேரிகளின் நீர்த்தரம் பற்றிய உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். சான்று முற்றுப்பெறும்வரை காத்திராது, இருந்த சான்றின் வலுவிலே முடிவெடுக்கப்பட்டது. பின்வந்த சான்று அம்முடிவை அசைக்கமுடியாததாக்கியது. ஈரி ஏரிக்கு ஆண்டொன்றுக்கு 11,000 தொன் பொசுபரசு என 1978 உடன்படிக்கையிற் குறிக்கப்பட்ட இலக்கு 1980களில் எட்டப்பட்டது. சுவிற்சர்லாந்து 1986 இற் சலவைத்தூளிற் பொசுபேற்றை முற்றாகத் தடைசெய்தது.

பொசுபரசு மட்டும்தானா என்பதில் ஆய்வாளரிடையே கருத்தொற்றுமை இல்லை. 227 ஆம் இலக்க ஏரிக்கு 1990 இலிருந்து நைதரசன் நிறுத்தப்பட்டுப் பொசுபரசு மட்டும் இடப்பட்டபோது, வளியிலுள்ள நைதரசனைப் பதிக்கவல்ல இனங்கள் மேலோங்கி, ஏரி பச்சையாகவே இருந்தது. 2008 இற் சின்ட்லரும் குழுவினரும் இதனை முன்வைத்து நைதரசனைக் குறைப்பதில் ஏரிகளுக்குப் பயனில்லை என வாதிட்டனர். இருபோசணைகளையும் குறைக்கவேண்டும் என்போர் வேறு ஏரிகளையும் கடற்கழிமுகங்களையும் காட்டி மறுத்தனர். இவ்விவாதத்தைக் காபன் விவாதத்தோடு ஒருசேர வைத்தல் பொருந்தாது. எவருடைய பண்டத்தையும் காப்பதற்காக இது எழவில்லை.

ஈரி ஏரிக்கு நோய் திரும்பியதற்கான காரணம் வேறிடத்தில் இருந்தது. குழாய்முகத்திற் கட்டுப்படுத்தத்தக்க பொசுபரசு கட்டுப்பட்டபின் எஞ்சியது வயல்களிலிருந்து மழையோடு ஓடிவருவது. மோமி ஆற்று வடிநிலத்துப் பயிர்நிலங்களின் பசளையும் கால்நடை எருவும் 1990களின் நடுப்பகுதியிலிருந்து ஏரியின் மேற்குப் பகுதியை மீண்டும் பச்சையாக்கின. 2014 ஒகத்து மாதத்தில் தொலீடோ நகரின் குடிநீரில் மைக்குரோசிஸ்டின் என்னும் நஞ்சு காணப்பட, ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் மூன்று நாட்கள் வரை குழாய்நீரைப் பருகமுடியாதிருந்தனர். சலவைத்தூள் தொழிலிற் சில நிறுவனங்களையே கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. இங்கோ ஆயிரக்கணக்கான பண்ணைகள். பண்ணையாளரை விரும்பியவாறு செய்யவிடும் ஊக்குவிப்புத் திட்டங்களே பெரிதும் கைக்கொள்ளப்பட்டு வந்துள்ளன. அவை போதாதவை என்பதே நம் எண்ணம்.

மேலே கூறிய கனடிய ஆய்வுக்களத்தை இனி நடத்தப்போவதில்லையென 2012 இற் கனடா அரசு அறிவித்தது. விஞ்ஞானிகளும் பொதுமக்களும் எதிர்த்தனர். 2014 இல் அது வினிபெக்கைத் தளமாகக் கொண்ட சுயாதீன நிறுவனமொன்றின் கைக்கு மாறிற்று. 2012 ஆம் ஆண்டிலேயே சூரிச் ஏரி பற்றிய ஆய்வொன்றும் வெளிவந்தது. பொசுபரசு பெருமளவு குறைந்தபின்னும் அங்கு பிளாங்டொத்ரிக்ஸ் ருபெசென்ஸ் குறையவில்லை; நிலைபெற்றே இருந்தது. காரணம் குளிர்காலத்தில் இருந்தது. முன்னர் கடுங்குளிரில் ஏரிநீர் அடிவரை கலந்தபோது இழைகள் ஆழத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டன. அங்குள்ள அமுக்கத்தில் அவற்றின் வாயு நுண்பைகள் நொருங்கின. பெரும்பகுதி மீண்டு மிதக்கமுடியாது அழிந்தது. குளிர்காலம் மென்மையாகிவர ஏரி அடிவரை கலப்பது அரிதாகியது. இழைகள் தப்பி அடுத்த ஆண்டுக்கு வித்தாகின்றன. வெயிலின்மேற் பழிசுமத்த இயலாதென்று குளிர்நில ஏரிகளைத் தேர்ந்தோம். இப்பொழுது வெப்பமும் காரணங்களுள் ஒன்றாகிவிட்டது. அவ்வெப்பத்தை உயர்த்தியது புகைபோக்கிகளும் எரிபொருளுமே.

அதே ஆண்டில் உலகின் மிகப் பரந்த நன்னீர் ஏரியும் குளிர்ச்சிக்கும் தெளிவுக்கும் பெயர்பெற்றதுமான சுப்பீரியர் ஏரியின் தென்கரையிற் சயனோபற்றீரியாப் படலம் தோன்றிற்று. 2018 இல் அது மேலும் விரிந்து விஸ்கொன்சின் கரையோரமாகப் பல மைல் தூரம் காணப்பட்டது. குளிரைத் தாங்கவல்ல டொலிகோஸ்பேர்மம் என்னும் இனம் அது. இரண்டு ஆண்டுகளிலும் யூன் மாதத்திற் பெருமழை பெய்து ஆறுகள் செம்மண் நிறத்தில் ஏரியிற் புகுந்திருந்தன. மழையைக் காரணமாகக் கூறுவது எளிது. அம்மழைநீர் எவ்வெந்நிலங்களிலிருந்து எவ்வளவு பொசுபரசைக் கொண்டுவந்தது, அல்காவின் வித்துகள் ஆறுகளிலிருந்து வருகின்றனவா அன்றிக் கரையோரச் சேற்றிலேயே கிடக்கின்றனவா என்பவற்றை அறிய ஆய்வாளர் கோடைதோறும் அவ்வாற்றுமுகங்களில் நீரும் சேறும் எடுத்து வருகின்றனர்.